ஹோம் ரன் டெர்பியில் 200 டாலர் கட்டலாமா?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறீர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர், பேஸ்பால் புதிது. ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முந்தின நாள் நடக்கும் ஹோம் ரன் டெர்பிக்கு (பந்தை வேலிக்கு வெளியே யார் அதிகம் அனுப்புவார் என்ற போட்டி) ஆபீஸில் பாதிப் பேர் போனிலேயே பணம் கட்டுகிறார்கள். எட்டுப் பேர் போட்டியிடுகிறார்கள், அதில் இந்த சீசனில் அதிக ஹோம் ரன் அடித்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அவர் மேல் 200 டாலர் கட்டினால் ஓரளவு பாதுகாப்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பலசாலிதான் ஜெயிப்பாரா என்பது ஒன்று. அவர் ஜெயித்தால் தருவதாகச் சொல்லும் பணம், நாம் ஏற்கும் ஆபத்துக்குச் சரியான கூலியா என்பது இன்னொன்று. முதல் கேள்வியைத்தான் எல்லாரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பணம் போவதும் வருவதும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

நான் புள்ளியியல் படித்தவன். பல வருடம் இன்ஷூரன்ஸில் பிரீமியம் கணக்குப் போட்டேன், அதாவது இன்னும் நடக்காத ஒன்றுக்கு விலை வைப்பதுதான் என் பிழைப்பு. பந்தய நிறுவனம் செய்வதும் அதே வேலைதான். விளையாட்டுப் பந்தயத்தைப் பெரும்பாலான மாநிலங்களில் தடுத்து வைத்திருந்த 1992-ஆம் வருடச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ரத்து செய்தது. அந்த வழக்கை நடத்தியதே உங்கள் நியூ ஜெர்சி மாநிலம்தான். அந்த வருட டெர்பியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் சின்னத் தொகை கட்டி, கட்டும் முன்பு என்ன நினைத்தேன், என்ன ஆட்ஸ் (ஜெயித்தால் தரும் பணத்தின் விகிதம்) கொடுத்தார்கள், கடைசியில் என்ன ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 2020-இல் டெர்பி நடக்கவில்லை, ஆக 2025 வரை ஏழு பக்கம். ஏழை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் என் லாப நஷ்டத்தை ஆதாரமாக இங்கே வைக்கப் போவதில்லை. அந்த நோட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு: நான் எதைத் தெரியும் என்று நினைத்துக் கட்டினேன், அதில் எவ்வளவு உண்மையில் தெரிந்த விஷயம் என்பது.

முதலில் போட்டி. 1985-இல் மினியாபொலிஸில் தொடங்கியது, அந்த வருடம் டேவ் பார்க்கர் ஜெயித்தார். நிஜ ஆட்டம் போல எதிரணி பந்து வீசாது. பேட்டரே தனக்குப் பிடித்த ஒருவரைக் கூட்டி வருவார், கோச்சோ அப்பாவோ, அவர் மிதமான வேகத்தில் அடிக்க வாகாகப் போட்டுக்கொடுப்பார், இவர் வேலிக்கு வெளியே அனுப்பிக்கொண்டே இருப்பார். நம் ஊர் வலைப்பயிற்சியில் கோச் த்ரோடவுன் போடுவாரே, அதை நாற்பதாயிரம் பேர் முன்னால் கடிகாரம் வைத்து நடத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. முன்பு பத்து அவுட் வரை அடிக்கலாம் என்ற விதி இருந்தது (வேலியைத் தாண்டாத ஒவ்வொரு அடியும் ஒரு அவுட்). 2015-இல் அதை எடுத்துவிட்டு, நேரம் வைத்து, இருவர் இருவராக மோதும் நாக்அவுட் ஆக்கினார்கள். 2024-இல் மறுபடி மாற்றினார்கள். முதல் சுற்றில் எட்டுப் பேரும் தனித்தனியாக அடிப்பார்கள், மூன்று நிமிடம் அல்லது 40 பந்து, எது முதலில் முடிகிறதோ அது. அதில் முதல் நான்கு பேர் அரையிறுதிக்குப் போவார்கள். அரையிறுதியிலும் இறுதியிலும் இரண்டு நிமிடம் அல்லது 27 பந்து. நேரம் முடிந்ததும் மூன்று அவுட் ஆகும் வரை போனஸ் உண்டு, அதில் 425 அடி தாண்டி ஒன்று அடித்தால் இன்னொரு அவுட் சலுகை. விதிகளை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சரி, பலசாலி ஜெயிப்பாரா? நடந்ததைப் பார்ப்போம். 2017-இல் மியாமியில் ஆரன் ஜட்ஜ், அந்த சீசனில் ஆல்-ஸ்டார் இடைவேளைக்கு முன்பே 30 அடித்திருந்தவர், ஜெயித்தார். 2025-இல் அட்லாண்டாவில் கேல் ராலி, இடைவேளைக்கு முன் 38, அவரும் ஜெயித்தார். ஆனால் 2021-இல் டென்வரில் ஷோஹெய் ஓடானி 33 அடித்துவிட்டு வந்தார், பந்தயச் சந்தையில் அவர்தான் ஃபேவரிட், முதல் சுற்றிலேயே ஹுவான் சோட்டோவிடம் 31-28 என்று வெளியேறினார். அதுவும் 22-22, 28-28 என்று இரண்டு தடவை சமன் ஆன பிறகு. 2022-இல் லாஸ் ஏஞ்சலஸில் கைல் ஷ்வார்பர், 29 ஹோம் ரன்னோடு தரவரிசையில் முதல் நிலை வீரராக இறங்கி, எட்டாவது நிலையில் இருந்த 42 வயது ஆல்பர்ட் புஹோல்ஸிடம் முதல் சுற்றில் தோற்றார். அந்த வருடம் ஃபேவரிட் ஷ்வார்பர் இல்லை, அதற்கு முன் இரண்டு டெர்பியைத் தொடர்ந்து வென்றிருந்த பீட் அலோன்சோ. அவரும் அரையிறுதியில் போனார். ஆக உங்கள் கணிப்பு முட்டாள்தனம் இல்லை, பலத்துக்கு மதிப்பு இருக்கிறது. எவ்வளவு மதிப்பு என்பதுதான் விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பேட்டர் சந்திக்கும் பந்தில் பாதி வேலியைத் தாண்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 பந்தில் சராசரி 20. இன்னொருவர் அவரைவிடப் பத்து சதவீதம் மேல், அதாவது 40-க்குச் சராசரி 22. டெர்பிக்கு வரும் எட்டுப் பேருமே நாட்டின் தலைசிறந்த அடிகாரர்கள் என்பதால் இந்த வித்தியாசம் சின்னது இல்லை, நன்றாகவே பெரியது. ஆனால் 40 பந்தில் அதிர்ஷ்டத்தால் மட்டும் மூன்று ஹோம் ரன் கூடுவதும் குறைவதும் சர்வசாதாரணம், காசைச் சுண்டினால் தலை பூ ஏறி இறங்குவது போல. இந்த இருவரும் நேருக்கு நேர் மோதினால் மேலானவர் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டுதான் வரும். அப்படி மூன்று சுற்று தொடர்ந்து ஜெயிக்க வேண்டுமென்றால் 0.67-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும், 0.30 வருகிறது. இப்போதைய விதியில் முதல் சுற்றில் நால்வருக்குள் வந்தால் போதும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஆக, போட்டியிடுவோரில் எல்லாரையும்விடத் தெளிவாக மேலான ஒருவர் இருக்கிறார், அவர் யார் என்பதும் உங்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும் என்றே வைத்துக்கொண்டாலும், பத்தில் ஏழு தடவை அவர் கோப்பையைத் தூக்க மாட்டார். நீங்கள் "ஓரளவு பாதுகாப்பு" என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல் இங்கே பொருந்தவே பொருந்தாது. என் பதிலில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. ஆப்பில் ஒரு பெயருக்கு எதிரே +300 என்று இருந்தால், 100 கட்டி ஜெயித்தால் 300 லாபம், கட்டிய 100-உம் திரும்பி வரும். அதாவது நான்கில் ஒருமுறை ஜெயித்தால்தான் உங்களுக்கு முதலுக்கு மோசமில்லை, 25 சதவீதம். இந்தக் கணக்கை எட்டுப் பேருக்கும் போட்டுக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு நானே ஒரு பட்டியல் எழுதுகிறேன்: +300, +350, +450, +600, +800, +900, +1200, +1400. ஒவ்வொன்றையும் சதவீதமாக்கிக் கூட்டினால் 115 சொச்சம் வரும். ஆனால் ஜெயிக்கப்போவது ஒரே ஒருவர், நியாயமாக 100-தான் வர வேண்டும். அந்த மேல் 15-தான் பந்தய நிறுவனத்தின் பங்கு. எட்டுப் பேர் மேலும் அந்தந்த விகிதத்தில் பிரித்துக் கட்டினால், யார் ஜெயித்தாலும் நூறு டாலருக்கு ஏறக்குறைய 13 டாலர் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். ஒரு சாதாரண ஆட்டத்தில் எந்த அணி ஜெயிக்கும் என்று கட்டும்போது இந்தப் பிடித்தம் நாலைந்து சதவீதத்துக்குள் அடங்கும். டெர்பி போலப் பலரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பந்தயங்களில்தான் இது வீங்குகிறது. பணம் கட்டும் முன் இந்தக் கூட்டலை நீங்களே போனில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யாமல் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு விதமாகவும் விலையைச் சோதிக்கலாம். ஃபேவரிட்டுக்கு +250 கொடுக்கிறார்கள் என்றால் அது 28.6 சதவீதம். மூன்று சுற்றுக்கும் சமமாகப் பிரித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் 66 சதவீதம் ஜெயித்தாக வேண்டும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்: மற்ற ஏழு பேரையும்விட அவர் பத்து சதவீதம் மேலானவராக இருந்தால்தான் அந்த விலை வெறும் நியாய விலையே ஆகிறது. லாபம் வேண்டுமென்றால் அதற்கும் மேலே இருக்க வேண்டும். அவர் அப்படி இருக்கிறாரா என்பதை எதை வைத்துச் சொல்வது? சீசன் ஹோம் ரன் கணக்கு நிஜ பிட்சர்களுக்கு எதிராக வந்தது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்தையும், கடைசி நொடியில் திரும்பும் பந்தையும் கண்டுகொள்ளும் திறமை அதில் பெரும் பங்கு. டெர்பியில் அந்தத் திறமைக்கு வேலையே இல்லை. இங்கே வேண்டியது ஒரே மாதிரி ஸ்விங்கை நாலரை நொடிக்கு ஒருமுறை மூச்சு வாங்காமல் திரும்பத் திரும்பச் செய்வது.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்வதுதான் நியாயம். உறுதியானவற்றில் முதலாவது விதிகள். 2017-ஐயே எடுங்கள். முதல் சுற்றில் ஜஸ்டின் போர் 22 அடித்தார், எட்டுப் பேரில் இரண்டாவது அதிகம், ஆனால் எதிரே ஜட்ஜ் 23 அடித்ததால் வீட்டுக்குப் போனார். மிகெல் சனோ வெறும் 11 அடித்து, எதிராளி 10 அடித்ததால் தாண்டிவந்து, கடைசியில் இறுதிச் சுற்று வரை போனார். இப்போதைய விதி அன்று இருந்திருந்தால் போர் உள்ளே, சனோ வெளியே. அதே அடி, அதே மைதானம், விதி மாறினால் பந்தயச் சீட்டு செல்லும் அல்லது செல்லாது. ஆகவே பழைய வருடங்களின் முடிவை வைத்து இந்த வருடத்துக்கு ஆலோசனை சொல்கிறவர்களிடம், அது எந்த விதியில் நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

விதியைப் படிக்காததால் வரும் நஷ்டத்துக்கு இன்னொரு நல்ல உதாரணம் "யார் மொத்தத்தில் அதிக ஹோம் ரன் அடிப்பார்" என்ற பந்தயம். 2019-இல் கிளீவ்லாந்தில் விளாடிமிர் கெரெரோ ஜூனியர் மொத்தம் 91 அடித்தார். கோப்பை 57 அடித்த அலோன்சோவுக்கு. எப்படி? இரண்டாவதாக அடிக்கிறவர் எதிராளியை ஒன்றால் முந்தியதும் நிறுத்திவிடலாம். அலோன்சோ மூன்று சுற்றிலும் 14-13, 20-19, 23-22 என்று ஒரே ஒரு ஹோம் ரன் வித்தியாசத்தில் முந்திவிட்டு மட்டையைக் கீழே வைத்தார். கெரெரோவோ அரையிறுதியில் ஜோக் பீடர்சனோடு மூன்று டைபிரேக்கர் ஆடி 40-39 என்று ஜெயித்துவிட்டுக் களைத்துப்போய் வந்தார். 2022-இலும் அதே கதை, ஹுலியோ ரோட்ரிகஸ் 81 அடித்துத் தோற்றார், சோட்டோ 53 அடித்து ஜெயித்தார். "அதிகம் அடிப்பார்" என்பதும் "ஜெயிப்பார்" என்பதும் வேறு வேறு பந்தயம். ஆபீஸில் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக் கட்டுகிறார்கள். இப்போதைய முதல் சுற்றில் நேரடி எதிராளி கிடையாது, எல்லாரும் முழுதாக அடிப்பார்கள், அதனால் "முதல் சுற்றில் இவர் இத்தனைக்கு மேல் அடிப்பாரா" என்பது பழைய விதியைவிடச் சுத்தமான கேள்வியாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் நான் 2024-இலிருந்து விரும்பிப் பார்க்கிறேன்.

மைதானமும் காற்றும் உறுதியான விஷயம்தான். டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெல்லியது, பந்து தூரம் போகும். 2021-இல் சோட்டோ அங்கே 520 அடி தூரம் ஒன்று அடித்தார். ஆனால் இந்த உதவி எட்டுப் பேருக்கும் பொது. மொத்த எண்ணிக்கைப் பந்தயத்துக்கு இது முக்கியம், யார் ஜெயிப்பார் என்பதற்குக் குறைவாகத்தான் முக்கியம். வலது வேலி கிட்டே இருக்கும் மைதானத்தில் இடதுகைக்காரருக்கு லாபம் என்பது போன்றவைதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் செய்யும், அதுவும் அளந்து பார்க்கக்கூடியது என்பதால் விலை வைப்பவர் உங்களுக்கு முன்பே அளந்துவிட்டிருப்பார். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகமும் அப்படியே. ஒனீல் க்ரூஸ் 2025 மே மாதம் மணிக்கு 122.9 மைல் வேகத்தில் ஒரு ஹோம் ரன் அடித்தார், ஸ்டாட்காஸ்ட் கருவி அளக்கத் தொடங்கிய பிறகு அவ்வளவு பலமான அடி வேறில்லை. அந்த ஜூலை டெர்பியில் 513 அடி தூரம் ஒன்று அடித்தார். பலம் நேரடியாகத் தெரிவது இப்படி அதிக தூரம், அதிக வேகம் என்ற பந்தயங்களில்தான். அவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருந்தால் அங்கே கட்டியிருப்பது அர்த்தமுள்ளது. கோப்பைக்குக் கட்டியிருந்தால், அரையிறுதியில் ராலியிடம் 19-13 என்று பணம் போயிருக்கும்.

களைப்பு உண்மையா? ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், ஆனால் அதோடு இன்னொன்று கலந்து கிடக்கிறது. 2008-இல் பழைய யாங்கி ஸ்டேடியத்தில் ஜாஷ் ஹாமில்டன் முதல் சுற்றில் 28 அடித்தார், அதைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அடுத்த சுற்றில் 4, இறுதியில் 3, கோப்பை ஜஸ்டின் மோர்னோவுக்கு. 2023-இல் சியாட்டிலில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால், ரோட்ரிகஸ் ஒரே சுற்றில் 41 அடித்துச் சாதனை செய்துவிட்டு அடுத்த சுற்றில் 20-தான் அடித்தார், கெரெரோ ஜூனியர் 21. இதில் எவ்வளவு களைப்பு, எவ்வளவு வெறுமனே உச்சத்திலிருந்து சராசரிக்குத் திரும்புவது என்று பிரிக்க ஒருவரிடமும் போதுமான தரவு கிடையாது. பந்தயம் கட்டுகிறவருக்கு ஒன்று போதும்: முதல் சுற்று வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு, சூடு ஆறும் முன் ஆப்பைத் திறந்து, இடையில் குறைந்துபோன விலையில் அதே ஆள் மேல் கட்டுவதுதான் அந்த இரவில் செய்யக்கூடிய மோசமான காரியம். உங்கள் திரையில் ஸ்ட்ரீமிங் நிஜத்தைவிட சில நொடிகள் பிந்தித்தான் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நாலரை நொடிக்கு ஒரு பந்து விழும் போட்டியில் அந்த நொடிகள் நிறைய.

சந்தேகக் கணக்கில் நான் வைப்பவை: அப்பா பந்து போட்டால் நல்லது என்பது, சொந்த ஊர் ராசி, டெர்பி அனுபவம். அப்பாக்கள் கதை அழகானது. 2011-இல் ராபின்சன் கனோவுக்கு அவர் அப்பா போட்டார், 2018-இல் வாஷிங்டனில் ப்ரைஸ் ஹார்ப்பருக்கு அப்பா போட்டார், 2025-இல் ராலிக்கு அப்பா போட, தம்பி கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் போல) உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் ஜெயித்தார்கள். ஜெயித்ததால்தான் நமக்கு நினைவிருக்கிறது. நல்ல பந்து போடுகிறவர் மிக முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், கடிகாரம் வீணாகாமல் போட வேண்டும், 2018-இல் முந்தைய பந்து தரையில் விழும் முன்பே அடுத்ததை வீசிவிட்டார் என்று ஹார்ப்பரின் அப்பா மேல் புகார்கூட எழுந்தது. ஆனால் அது அப்பா என்பதால் வருகிற நன்மை இல்லை. வருடக்கணக்கில் அவருக்கே போட்டுப் பழகியதால் வருவது. சொந்த ஊரும் அப்படியே. 2015-இல் சின்சினாட்டியில் டாட் ஃப்ரேசியர், 2018-இல் ஹார்ப்பர், சரி. 2017-இல் மியாமியில் சொந்த மண்ணில், முந்தைய வருட சாம்பியனாக இறங்கிய ஸ்டான்டன் முதல் சுற்றிலேயே 17-16 என்று போனாரே. அனுபவத்துக்கு அலோன்சோவைக் காட்டுவார்கள். அவர் 2024-இல் முதல் சுற்றில் 12 அடித்து வெளியேறினார். எல்லாக் கதைக்கும் எதிர்க்கதை இருக்கிறது. உங்கள் ஆபீஸில் இந்தக் கதைகளை உறுதியான குரலில் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அந்தக் குரலுக்கு நீங்கள் 200 டாலர் கொடுக்க வேண்டாம்.

அதிர்ஷ்டம் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு 2025 முதல் சுற்றைவிட நல்ல சாட்சி இல்லை. ராலியும் ப்ரென்ட் ரூக்கரும் ஆளுக்கு 17. ஒருவருக்குத்தான் இடம். விதிப்படி யாருடைய மிக நீண்ட அடி அதிக தூரம் என்று பார்த்தார்கள். ராலி 470.62 அடி, ரூக்கர் 470.54 அடி. வித்தியாசம் ஒரு அங்குலம்கூட நிறையாது. ராலி உள்ளே போனார், கோப்பையை எடுத்த முதல் கேட்சர் ஆனார், அவருக்கு 10 லட்சம் டாலர். அவர் மேல் கட்டியவர்கள் அன்று தங்கள் கணிப்புத் திறமையைக் கொண்டாடியிருப்பார்கள். அந்த ஒரு அங்குலம் மாறியிருந்தால் அதே கணிப்பு, அதே காரணங்கள், பணம் மட்டும் இல்லை.

சட்டம் பற்றியும் கொஞ்சம். நியூ ஜெர்சியில் 21 வயதானால் உரிமம் பெற்ற ஆப்பில் கட்டலாம். கலிஃபோர்னியாவிலும் டெக்ஸஸிலும் இதை எழுதும்வரை அனுமதி இல்லை. இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் முயற்சி செய்ய வேண்டாம், 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றிவிட்டது. ஜெயித்த பணத்துக்கு அமெரிக்காவில் வரி உண்டு. 2026-இலிருந்து தோற்ற பணத்தில் 90 சதவீதத்தைத்தான் கழித்துக்கொள்ள முடியும், அதுவும் செலவுகளை விவரமாகக் காட்டி ரிட்டர்ன் போடுகிறவருக்கு மட்டும். விலைக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில் "போன மாதம் கூடைப்பந்தில் விட்டதை இதில் எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது. விட்டதைப் பிடிக்கக் கட்டும் பந்தயத்தில் தொகையை நீங்கள் முடிவு செய்வதில்லை, பழைய நஷ்டம் முடிவு செய்கிறது. நல்ல வேலையில் இருந்த, என்னைவிடக் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நண்பர் இந்த வழியில்தான் இறங்கினார். முதலில் 50 டாலர், அப்புறம் அதை எடுக்க 200, அப்புறம் கிரெடிட் கார்டு. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் இரண்டு மாதம் போகாத பிறகுதான் வீட்டில் தெரிந்தது. உங்களுக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, எனக்கு உங்களைத் தெரியாது. ஆனால் அந்த எண்ணம் மனதில் இருக்கும்வரை இந்த டெர்பிக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆப்பிலேயே மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போடமுடியாது என்று வரம்பு வைக்க முடியும், அதை இன்றைக்கே வையுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 1-800-426-2537 என்ற எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

அந்த எண்ணம் இல்லை, வெறும் சுவாரசியத்துக்காகத்தான் என்றால், 200 வேண்டாம், 20 போதும். சினிமா டிக்கெட் மாதிரி, போனால் போகட்டும் என்று எடுத்து வைக்கும் தொகை. கோப்பைக்குக் கட்டுவதானால் ஃபேவரிட்டை விட்டுவிட்டு, +600-க்கு மேல் கிடைக்கும் பெயர்களில், ஸ்விங் சிக்கனமாக இருக்கும் ஒருவரை எடுப்பேன். அது லாபம் தரும் என்பதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை. எட்டுப் பேருக்கும் இடையிலான உண்மையான இடைவெளி ஆட்ஸ் காட்டுவதைவிடச் சிறியது என்று நான் நினைப்பதால் வரும் தேர்வு, அவ்வளவுதான். கட்டும் முன் அந்த வருட விதியையும், ஒருவர் காயத்தால் விலகினால் பணம் திரும்புமா என்பதையும் அந்த ஆப்பின் விதிப்பக்கத்தில் படித்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வேறு. ஆபீஸில் எட்டுப் பேர் சேர்ந்து, ஆளுக்கு ஐந்து டாலர் போட்டு, எட்டுப் பெயரை எழுதிச் சீட்டுக் குலுக்கி எடுங்கள் (உங்கள் ஆபீஸ் விதி அனுமதித்தால்). யாருக்கு யார் வந்தாரோ அவர்தான் அன்றைய ஆள். நாற்பது டாலரும் ஜெயித்தவருக்கே போகும், நடுவில் பிடித்தம் எடுக்க யாரும் இல்லை. பேஸ்பால் பழகுவதற்கும் இதுதான் நல்ல வழி, முன்பின் தெரியாத ஒரு பெயர் உங்கள் கையில் விழுந்தால் அவர் யார், எப்படி அடிப்பார் என்று தேடிப் பார்ப்பீர்கள். அப்படி நடத்தினால் முதல் சுற்று முடிந்ததும் யார் எத்தனை அடித்தார்கள், யாருக்கு யார் பந்து போட்டார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். என் நோட்டில் எட்டாவது பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.